மூன்று முறை மூன்றாம் இடம்: ஸ்வான்சி சிட்டி, 1978–1986

வேல்ஸின் தென்கரையில் இருக்கும் ஸ்வான்சி நகரத்தின் கால்பந்து கிளப், இங்கிலாந்து லீக்கின் நான்காம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு நான்கு சீசன்களில் ஏறியது. ஐந்து சீசன்கள் கழித்து மறுபடி நான்காம் டிவிஷனில் இருந்தது. ஏறும்போது பொறுப்பில் இருந்தவரும், இறங்கத் தொடங்கியபோது பொறுப்பில் இருந்தவரும் ஒரே மேலாளர். அவருக்கு அது முதல் மேலாளர் வேலை.

கிளப், ஊர், தேதி, எண்கள் எல்லாம் உள்ளபடியே தந்திருக்கிறேன். இதில் முடிவெடுத்த ஆட்களையும் ஆடிய ஆட்களையும் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன். கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஆள் யாரென்று சீக்கிரமே தெரிந்துவிடும். இங்கே பேச வேண்டியது எடுத்த முடிவுகளைப் பற்றித்தான்.

பின்னணி

1974-75 சீசனில் ஸ்வான்சி நான்காம் டிவிஷனில் 22ஆம் இடம், கடைசியிலிருந்து மூன்றாவது. அப்போதெல்லாம் அடிமட்டத்தில் முடித்த கிளப்புகள் மற்ற கிளப்புகளிடம் வாக்குக் கேட்டுத்தான் லீக்கில் நீடிக்க முடியும். ஸ்வான்சியும் கேட்டது, தப்பித்தது. வெட்ச் ஃபீல்டு என்ற பழைய மைதானம், கையில் பணமில்லை, பக்கத்தில் கார்டிஃப் என்ற பெரிய போட்டியாளர்.

அந்த 1975இல் பொறுப்பேற்ற மேலாளர் ஸ்வான்சிக்காகவே ஆண்டுக்கணக்கில் ஆடிய உள்ளூர்க்காரர். பெரிய வீரர்களை வாங்க வழியில்லாததால் சுற்றுவட்டாரப் பையன்களை வளர்த்தார். ஒரு முன்கள வீரர், ஒரு நடுக்கள வீரர், வேல்ஸின் புகழ்பெற்ற கால்பந்துக் குடும்பத்திலிருந்து வந்த இன்னொரு பையன் என்று பின்னாளில் முதல் டிவிஷன் வரை போனவர்களில் முக்கியமானவர்கள் அவர் கையில் உருவானவர்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1978இல் தொடங்கி, அந்த மூன்று வருடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அஸ்திவாரம் அங்கேதான் இருக்கிறது.

நம் மேலாளர், அதாவது 1978இல் இவருக்குப் பின் வந்தவர், கார்டிஃபில் பிறந்தவர். 16 வயதில் கார்டிஃப் சிட்டி அணிக்கு ஆடத் தொடங்கினார். 1970 நவம்பரில் 1,10,000 பவுண்டுக்கு லிவர்பூல் அவரை வாங்கியது. நல்ல உயரம், தலையால் அடிப்பதில் தேர்ந்தவர். அவர் காற்றில் வென்று தட்டிவிடும் பந்துக்கு, பக்கத்தில் ஓடும் குள்ளமான, துடியான கூட்டாளி கோல் அடிப்பார். அந்த ஜோடி லீக் பட்டங்களையும் யுஇஎஃப்ஏ கோப்பையையும் 1974 எஃப்ஏ கோப்பையையும் வென்ற அணியில் இருந்தது. காயங்கள் விடாமல் துரத்தின. 1974இல் லெஸ்டருக்கு மாறும் ஒப்பந்தம் மருத்துவப் பரிசோதனையில் முறிந்தது. 1978 தொடக்கத்தில் லிவர்பூல் அணியில் அவருக்கு இடமில்லை. வயது 28.

பொறுப்பு கைமாறியது: மார்ச் 1978

ஸ்வான்சியின் அப்போதைய மேலாளர், அணியை இதற்கு மேல் கொண்டுபோகத் தன்னால் ஆகாது என்று தானே முடிவுக்கு வந்திருந்தார். கிளப் தலைவர் லிவர்பூல்காரரை ஆட்டக்காரர்-மேலாளராக அழைத்தார். 1978 மார்ச் 1 அன்று பொறுப்பேற்றபோது லீக்கிலேயே இளைய மேலாளர் அவர்தான்.

இங்கே எடுத்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. விலகியவரை வெளியே அனுப்பவில்லை, உதவியாளராக வைத்துக்கொண்டார்கள். வளர்த்த பையன்களின் குணம், யாருக்கு எந்தக் கால் வலிக்கும், யார் திட்டினால் சுருங்குவார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். புதியவருக்கு ஒரு டிரஸ்ஸிங் ரூமை நடத்திய அனுபவமே கிடையாது. பல கிளப்புகளில் பழையவர் இருந்தால் புதியவருக்கு மரியாதை குறையும் என்று பயப்படுவார்கள். இங்கே அந்தச் சிக்கல் வந்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 25 அன்று, உள்ளூர் ஆட்டம் ஒன்று தொடங்கும் முன், அந்த உதவியாளர் மைதானத்திலேயே மாரடைப்பால் இறந்தார். நான்கு நாளில் கடைசி ஆட்டம். அதில் வென்று, மூன்றாம் இடம் பிடித்து, ஸ்வான்சி மூன்றாம் டிவிஷனுக்கு ஏறியது. தன் பையன்கள் மேலே போவதைப் பார்க்க அவர் இல்லை. கிளப்பின் பக்கம் பார்த்தால், மேலாளருக்கு எதிரே உட்கார்ந்து "இது வேண்டாம்பா" என்று சொல்லக்கூடிய மூத்தவர் அன்றோடு போய்விட்டார். அந்த இடம் நிரப்பப்படவே இல்லை என்பது என் கணிப்பு.

மூன்றாம் டிவிஷன்: பழைய கிளப்பின் மூத்தவர்கள்

புதிய சீசனுக்கு மேலாளர் லிவர்பூலில் தன்னோடு ஆடியவர்களை அழைத்தார். ஒருவர் 33 வயதுத் தடுப்பாட்டக்காரர், எதிராளிகளை நடுங்க வைத்தவர். இன்னொருவர் 36 வயது நடுக்கள வீரர், லிவர்பூலுக்காக யாரையும்விட அதிக ஆட்டம் ஆடியவர். மூன்றாம் டிவிஷன் கிளப்புக்கு இப்படிப்பட்டவர்கள் வருவது ஊரே பேசிய விஷயம்.

காரணம் வெறும் பழக்கம் இல்லை. பையன்களுக்குத் திறமை இருந்தது. பெரிய ஆட்டத்தில் எப்படி மூச்சு வாங்குவது, முன்னிலையில் இருக்கும்போது பந்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாது. அதைப் பயிற்சியில் சொல்லித்தர வருடங்கள் ஆகும். பக்கத்தில் ஒருவர் ஆடிக் காட்டினால் சில வாரம் போதும். விலையும் குறைவு. அந்த சீசனின் தொடக்கத்திலேயே லீக் கோப்பையில் டாட்டன்ஹாமை சொந்த ஊரில் 2-2 என்று நிறுத்தி, லண்டனுக்குப் போய் 3-1 என்று வென்றார்கள். டாட்டன்ஹாம் அப்போதுதான் அர்ஜென்டினாவின் உலகக் கோப்பை வீரர்கள் இருவரை வாங்கியிருந்தது.

1979 மே 11, கடைசி ஆட்டம், செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக. வென்றால்தான் ஏறலாம். ஆட்டம் 1-1 என்று இருக்கும்போது மேலாளர் தன்னையே மாற்று வீரராக இறக்கிக்கொண்டார். அவர் தலையால் அடித்த கோலில் 2-1. மறுபடி மூன்றாம் இடம், மறுபடி ஏற்றம்.

இந்தக் கோல் ஸ்வான்சியில் இன்றும் பேசப்படுகிறது. மேலாளர் பார்வையில் அது ஒரு ஆபத்தான பாடத்தையும் கற்றுக்கொடுத்திருக்கலாம்: நெருக்கடி வந்தால் நானே தீர்த்துவிடுவேன் என்ற பாடம்.

இரண்டாம் டிவிஷன்: விற்றதும் வாங்கியதும்

1979 கோடையில் உள்ளூரில் வளர்ந்த அந்த முன்கள வீரரை லீட்ஸ் யுனைடெட் 4,00,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. கிளப்புக்கு அது கனவில் வரும் தொகை. அந்த சீசனில் ஸ்வான்சி 12ஆம் இடம். நிதானமான வருடம்.

1980 டிசம்பரில் அதே வீரரை 1,65,000 பவுண்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். லீட்ஸில் அவருக்குக் காயம், சரியாக அமையவில்லை. உச்சத்தில் விற்று, சரிவில் திரும்ப எடுத்தது என்ற வகையில் கிளப் செய்த மிகச் சிறந்த வியாபாரம் இதுதான். இதே கிளப் இரண்டு வருடம் கழித்து இதை முழுக்க மறந்துபோனது.

இன்னொரு முடிவும் இந்தக் காலத்தில்தான். வெளிநாட்டு வீரர்களுக்கு இங்கிலாந்து லீக்கில் இருந்த தடை 1978இல் விலகியிருந்தது. மேலாளர் யுகோஸ்லாவியா பக்கம் பார்த்தார். முதலில் ஒரு பக்கத் தடுப்பாட்டக்காரர், அடுத்து சரயேவோவிலிருந்து ஒரு ஸ்வீப்பர். தடுப்பு வரிசைக்குப் பின்னால் ஒருவர் தனியாக நின்று பந்தைப் பொறுமையாக எடுத்துக்கொண்டு முன்னேறும் முறை அன்றைய இங்கிலாந்தில் அபூர்வம். நான்கு பேர் ஒரே கோட்டில் நின்று நீளமாக உதைப்பதே வழக்கம். லிவர்பூலில் ஐரோப்பிய ஆட்டங்களில் கண்டதை அவர் சிறிய கிளப்பில் செய்து பார்த்தார். வெளிநாட்டு கிளப்புகள் பின்னாளில் அவரைத் தேடி வந்ததற்கு இந்தத் துணிவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1981 மே 2, ப்ரெஸ்டன் நகரத்தின் டீப்டேல் மைதானம். வென்றால் முதல் டிவிஷன். 3-1 என்று வென்றார்கள். ஸ்வான்சியும் பிளாக்பர்னும் சமமாக 50 புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஸ்வான்சி மூன்றாம் இடம்.

மூன்று ஏற்றமும் மூன்றாம் இடத்தில் வந்தவை. 1978இல் நான்காவதாக வந்த பிரென்ட்ஃபோர்டும் அதே 56 புள்ளிதான். ஒரு முறைகூட ஸ்வான்சி டிவிஷனை வென்று ஏறவில்லை. கொண்டாட்டத்தில் யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். மேலே போகும் தகுதி இருந்தது. மிச்சம் வைக்கும் அளவுக்கு இல்லை.

1981-82: உச்சம்

1981 ஆகஸ்ட் 29. முதல் டிவிஷனில் ஸ்வான்சியின் முதல் ஆட்டம், எதிரே லீட்ஸ். 23,000க்கும் மேல் கூட்டம். எவர்டனிலிருந்து 1,25,000 பவுண்டுக்கு வந்த 30 வயது முன்கள வீரர் அறிமுக ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தார். லீட்ஸ் விற்றுவிட்ட அந்த உள்ளூர்க்காரரும் ஒன்று அடித்தார். முடிவு 5-1.

ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று, லிவர்பூலைக் கட்டியெழுப்பிய பில் ஷாங்க்லி காலமானார். நம் மேலாளரை லிவர்பூலுக்கு வாங்கியவர் அவர்தான். அக்டோபர் 3 அன்று ஸ்வான்சி லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது. மௌன அஞ்சலியின்போது ஸ்வான்சி மேலாளர் மேல்சட்டையைக் கழற்ற, உள்ளே லிவர்பூலின் சிவப்புச் சட்டை. சொந்த அணியின் ஆட்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சிலர் கேட்டார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது, அதுவே பதில். பிப்ரவரியில் வெட்ச் ஃபீல்டில் அதே லிவர்பூலை 2-0 என்று வென்றார்கள். லிவர்பூல்தான் அந்த வருடச் சாம்பியன்.

சீசனின் சில கட்டங்களில் ஸ்வான்சி பட்டியலின் தலையில் இருந்தது. வெற்றிக்கு மூன்று புள்ளி என்ற விதி அந்த வருடம்தான் வந்தது. சமநிலைக்கு ஆடாத அணிக்கு அது சாதகம். 42 ஆட்டத்தில் 21 வெற்றி, 6 சமநிலை, 15 தோல்வி, 69 புள்ளி. கடைசி வாரங்களில் தோல்விகள் சேர்ந்து ஆறாம் இடத்தில் முடிந்தது.

அந்தக் கடைசி வாரங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முக்கியமானவர்களில் நிறையப் பேர் 30ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள்: கோல்கீப்பர், முன்கள வீரர், நடுக்களத்தில் மேலாளரின் சொந்தக்காரர் ஒருவர், ஜனவரி 1982இல் லிவர்பூலிலிருந்து 1,60,000 பவுண்டுக்கு வந்த இடதுபக்க நடுக்கள வீரர். இளையவராக வாங்கப்பட்ட ஒரு தடுப்பாட்டக்காரருக்கு மூன்றரை லட்சம் பவுண்டை ஒட்டிய தொகை போனது, கிளப்பின் வரலாற்றிலேயே பெரியது. அவருக்குக் காயம்.

இடதுபக்க வீரரின் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. வந்த சில மாதத்தில் அவர் ஆட்டம் மந்தமானது. அவர் முயற்சி செய்யவில்லை என்றே கிளப்பில் பார்க்கப்பட்டது. அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருந்தது சில வருடம் கழித்துத்தான் கண்டறியப்பட்டது. அன்றைய கால்பந்தில் 30 வயதுக்காரரிடம் அந்தச் சந்தேகம் யாருக்கும் வந்திருக்காது. ஆனாலும், வருடக்கணக்கில் உச்சத்தில் ஆடிய ஒருவர் திடீரென்று வேகம் இழந்தால், சோம்பேறி என்று முடிவு கட்டும் முன் மருத்துவரிடம் அனுப்பலாம். அதற்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

1982 கோடை: எடுக்காத முடிவு

ஆறாம் இடம் வந்த கிளப் அந்தக் கோடையில் என்ன நிலையில் இருந்தது? வெட்ச் ஃபீல்டில் புதிய கேலரி ஒன்று கட்டியாகிவிட்டது. சம்பளம் முதல் டிவிஷன் அளவுக்கு ஏறிவிட்டது. வீரர்களை வாங்கிய தொகையைத் தவணையில் கட்டுவது அக்கால வழக்கம், தவணைகள் பாக்கி. வருமானம் பெரும்பாலும் வாசலில் விற்கும் டிக்கெட்டுதான். தொலைக்காட்சிப் பணம் என்று இன்றைய அளவில் ஒன்றும் கிடையாது. தெற்கு வேல்ஸில் எஃகு ஆலைகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த நேரம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் பேச வேண்டிய நிலை.

அணியில் சிலரின் விலை அந்தக் கோடையில் இருந்ததுபோல் மறுபடி இருக்கப்போவதில்லை. 1979இல் செய்ததுபோல ஒருவரையோ இருவரையோ விற்று, கடனைக் குறைத்து, இளையவர்களுக்கு இடம் விட்டிருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்றும் புரிகிறது. சாம்பியனை வென்ற அணியை யார் கலைப்பார்கள்? நிர்வாகக் குழுவுக்கும் மேலாளரைக் கேள்வி கேட்க முகமில்லை. அவர் கேட்டதெல்லாம் நடந்தது, செய்ததெல்லாம் பலித்தது. பலித்துக்கொண்டே இருக்கும் ஒருவரிடம் கணக்குக் கேட்பது எந்த நிறுவனத்திலும் கஷ்டம்தான்.

சரிவு

வேகமாக வந்தது. 1982-83இல் வேல்ஸ் கோப்பை வழியாகக் கிடைத்த ஐரோப்பிய ஆட்டத்தில் மால்டாவின் ஸ்லீமா வாண்டரர்ஸை 12-0 என்று வென்றார்கள். அடுத்த சுற்றில் பாரிஸ் செயின்ட் ஜெர்மனிடம் தோற்றார்கள். லீக்கில் 21 தோல்வி, 41 புள்ளி, 21ஆம் இடம், இறக்கம். சீசன் நடுவிலேயே ஒரு சர்வதேச வீரரைப் பணம் வாங்காமல் சண்டர்லாண்டுக்கு அனுப்பினார்கள், சம்பளச் சுமை குறையட்டும் என்று. கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது.

நான்காம் டிவிஷனிலிருந்து கூடவே வந்த நடுக்கள வீரர் 1983இல் ஸ்டோக்குக்குப் போனார். திரும்ப வாங்கிய முன்கள வீரர் சவுத்தாம்ப்டனுக்கு, கால்பந்துக் குடும்பத்துப் பையன் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு, இருவரும் அதே ஆண்டு நவம்பரில். கோடை 1982இல் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலை இப்போது கிடைக்க வழியில்லை. விற்பவருக்கு அவசரம் என்று வாங்குபவருக்குத் தெரியும்.

1983 அக்டோபர் கடைசியில் மேலாளர் விலகினார். டிசம்பரிலேயே திரும்ப அழைத்தார்கள், அவரும் வந்தார். 1984 மார்ச்சில் நீக்கினார்கள். அந்த சீசனில் 29 புள்ளியோடு மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கம். 1985 டிசம்பர் 20 அன்று கிளப்பைக் கலைக்க லண்டன் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் தலையிட்டுக் காப்பாற்றினார். 1986இல் மறுபடி நான்காம் டிவிஷன்.

மேலாளருக்குப் பிறகு நடந்தது

ஸ்வான்சி நீக்கிய சில மாதத்தில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப். 1985இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் ஊரில் ரியல் சோசியடாட். அந்தக் கிளப் அப்போது பாஸ்க் பகுதி வீரர்களை மட்டுமே ஆட வைக்கும். வெளியிலிருந்து பழக்கப்பட்ட மூத்தவர்களை அழைத்து வரும் வழியே அங்கு இல்லை. இருப்பவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். 1987இல் அத்லெட்டிகோ மாட்ரிடைப் பெனால்டியில் வென்று ஸ்பெயின் மன்னர் கோப்பை. அடுத்த வருடம் லீக்கில் இரண்டாம் இடம். 1989-90இல் ரியல் மாட்ரிட் அவர் பொறுப்பில் 107 கோல் அடித்து லீக்கை வென்றது. அடுத்த சீசன் நவம்பரில் அங்கேயும் நீக்கம்.

அவரது மிகச் சீரான காலம் வாங்கும் வசதியே இல்லாத கிளப்பில் அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 2004 முதல் 2010 வரை வேல்ஸ் தேசிய அணியை நடத்தியபோதும் தேர்வு செய்ய ஆள் குறைவு. மூத்தவர்கள் பலர் விலகினார்கள், 17, 18 வயதுப் பையன்களை இறக்கினார். முடிவுகள் சுமார்தான். 2016 யூரோவில் அரையிறுதி வரை போன வேல்ஸ் அணியில் பலர் அவர் காலத்தில் முதல் ஆட்டம் ஆடியவர்கள்.

இன்று இதே நிலையில் என்ன மாற்றலாம்

மூத்தவர்களை அழைத்து வந்தது தவறு என்று சொல்ல மாட்டேன். 1978இல் அது சரியான மருந்து. மூன்றாம் டிவிஷனுக்கு எடுத்த முடிவை முதல் டிவிஷனில் பத்து மடங்கு விலையில் திரும்பச் செய்ததுதான் சிக்கல். ஒவ்வொரு மூத்தவரை வாங்கும்போதும் அவர் இடத்துக்கு அடுத்து வரும் பையன் யார் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பெயர் எழுத முடியாவிட்டால் வாங்கக் கூடாது.

நிர்வாகக் குழுவில் கால்பந்தும் கணக்கும் தெரிந்த ஒருவர் மேலாளருக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். 1978 ஏப்ரலில் இழந்த உதவியாளருக்குப் பதிலாக, மேலாளரின் பழைய சகாக்களில் ஒருவராக இல்லாமல், வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்திருக்கலாம். மேலாளரைச் சுற்றி இருந்தவர்களில் பலர் அவர் மூலம் வந்தவர்கள்.

1983 டிசம்பரில் திரும்ப அழைத்ததை நான் செய்ய மாட்டேன். விற்க வேண்டிய வீரர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள், பணம் இல்லை, அவருக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. கூட்டத்தைச் சமாதானப்படுத்த ஒரு பழைய முகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அவரையே நீக்கி, மேலே கொண்டுவந்தவரை இப்படி அனுப்புகிறார்களே என்ற கசப்பையும் ஊரில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதத்தில் அடுத்த மேலாளரைத் தேடியிருந்தால், மூன்றாம் டிவிஷனில் அணியைத் திரும்பக் கட்ட அவருக்கு ஒரு கோடை முழுதாகக் கிடைத்திருக்கும்.